நனைந்தால் ஒரு புளியங்கொட்டை

1. சேற்றில் வராத சீக்கு

ஸ்டாஃப் நர்ஸாக என் முதல் போஸ்டிங், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறி, கண்டக்டர் "ஆஸ்பத்திரி யாரு" என்று கத்தும் இடத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு பஸ்ஸை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பலர் பட்ட பாடு பெரிது. அதை எழுத வேண்டியவர்கள் வேறு. நான் எழுதப் போவது அடக்க முடியாத மூத்திரமும் மலமும் பற்றி. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இப்போது நர்சிங் படிக்கும் பிள்ளைகள் 'இன்கான்டினன்ஸ்' என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். எங்கள் ஓ.பி. ரிஜிஸ்தரில் அதற்குக் கட்டமே கிடையாது. யாரும் அதைச் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு நிலக்காரர், அதுவும் தெரியாமல்.

பிரஷர் பார்க்க வந்தவர், கையில் பட்டையைச் சுற்றும்போதே புலம்ப ஆரம்பித்தார்.

"நடவுன்னு சொன்னா பறந்துக்கினு வராளுங்க. அதே ஆளுங்கள மல்லாட்ட கொல்லையில களை எடுக்கக் கூப்புட்டா இடுப்பு வலின்றாளுங்க. நடவுக்கு மட்டும் குனிய முடியுதா? சேத்துல வராத சீக்கு, அது இன்னா சீக்கும்மா?"

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. பிரஷர் அவருக்கு ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அஞ்சலையிடம் கேட்டேன். அஞ்சலை அந்த நடவு செட்டுக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். செட்டுக்கு ஆள் சேர்ப்பதும், கூலியை வாங்கி எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதும் அவள்தான். வேகமாக நட்டவள், மெதுவாக நட்டவள் என்ற பேச்சே அந்தச் செட்டில் கிடையாது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"சேத்துல முழங்கால் வரைக்கும் தண்ணி சிஸ்டரம்மா. பொடவ எப்பிடியும் நனஞ்சிதான் இருக்கும். எது எதுனால நனஞ்சதுன்னு எவுளுக்குத் தெரியப் போவுது? காஞ்ச கொல்லையில குந்துனா தெரிஞ்சிடுமே."

எனக்கு அப்போது இருபத்திநான்கு வயது. நர்சிங் ஸ்கூலில் மூன்று வருஷம் படித்தவள். ஒரு ஊரின் பெண்கள் நடவு சீசனுக்காக இப்படியும் காத்திருப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

2. மூன்று பேர், மூன்று வைத்தியம்

எங்கள் டாக்டரம்மாவும் புதிது. எதையும் சார்ட் போட்டுப் பார்க்கிறவர். மூன்று பேரின் கதையையும் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மூணு பேருக்கு மூணு ட்ரீட்மென்ட் குடுப்போம் சிஸ்டர். எது நல்லா வேலை செய்யுதுன்னு கம்பேர் பண்ணுவோம். சரியா வராதவங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு அனுப்பலாம்."

மூன்று பேருக்கும் மூன்று விதத் தொல்லை, அதை எப்படி ஒப்பிடுவது என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. சார்ட் பேப்பர் அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் ஆள் பச்சையம்மாள். இருமினால், தும்மினால், சிரித்தால் அவளுக்குக் கசிந்துவிடும். சிரிக்காமல் அவளால் பத்து நிமிஷம் இருக்க முடியாது. அவளுக்குப் பயிற்சி. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவது போல உள்தசையை இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி, விட வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை.

இரண்டாவது குப்பு. முப்பது வயதுக்குள் நான்கு பிரசவம். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. அவளுக்கு டாக்டரம்மா ரப்பர் ரிங் ஒன்றைப் பொருத்தினார். அது உள்ளேயிருந்து தாங்கிக்கொள்ளும். அவ்வப்போது எடுத்துக் கழுவி மறுபடி வைக்க வேண்டும்.

மூன்றாவது அஞ்சலை. அவளுக்கு இரண்டு பக்கமும் தொல்லை. மூத்திரமும் நிற்பதில்லை, மலமும் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தது. "அடக்கவே முடியல, அதுபாட்டுக்கு வருது" என்றாள். லூஸ் மோஷனை நிறுத்தும் மாத்திரை எழுதினார் டாக்டரம்மா. கூடவே, வருகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒதுங்கிவிட வேண்டும் என்று டைம் டேபிள். அஞ்சலை வீட்டில் கடிகாரம் இல்லை. டவுன் பஸ் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்த வழியாகப் போகும். பஸ் ஹாரன் கேட்டால் போக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்று பேரில் அஞ்சலைக்குத்தான் அவசரம். அவள் மகள் எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, தாய் போய்க் கூட்டிவந்தால்தான் அனுப்புவோம் என்று அந்த வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சலை அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் நனைந்துவிடும், நாறும், இறக்கிவிட்டுவிடுவார்கள் என்ற பயம். அவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பஸ்ஸு மாறணும் சிஸ்டரம்மா. சம்பந்தி வூட்டுப் பாயில ஒரு வேளை குந்தி சோறு துன்னணும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்னை ஒழுங்கா வச்சிக் குடுத்துடுங்க. அப்புறம் எக்கேடோ கெட்டுப் போறேன்."

எக்கேடும் கெட வேண்டாம், ஒழுங்காகவே ஆக்கிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்க என்ன செலவு.

அடுத்து கணக்கெடுப்பு. மூன்று பேருக்கும் எழுதத் தெரியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆளுக்கு ஒரு காலி பவுடர் டப்பா. நனைந்தால் ஒரு புளியங்கொட்டை உள்ளே. வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் நான் எண்ணி சார்ட்டில் ஏற்றுவேன். டப்பாவைக் கையில் வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த யோசனைக்காக டாக்டரம்மா என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பச்சையம்மாள் பயிற்சியைத் தனியாகச் செய்யவில்லை. "நமக்கும் பின்னாடி ஆவும்டி" என்று செட்டு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நான்கு முடி நாற்று நட்டதும் அவள் "புடி" என்பாள். பன்னிரண்டு பெண்களும் குனிந்தபடியே அசையாமல் நிற்பார்கள். பத்து எண்ணியதும் "வுடு" என்பாள். நடவு தொடரும். நிலக்காரர் மறுபடி என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது புதுசா? எல்லாரும் ஒரே நேரத்துல நின்னுடறாளுங்க. கேட்டா ஆஸ்பத்திரி வேலைன்றாளுங்க. என் கூலியில உங்க வேலையா?"

அரசாங்கத் திட்டம் என்று சொல்லி அனுப்பினேன். திட்டம் என்றதும் அவர் அடங்கிவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை டப்பாக்கள் வந்தன. எண்ணினேன். பச்சையம்மாள் பதினேழு, குப்பு பதினேழு, அஞ்சலை பதினேழு. அடுத்த வெள்ளி மூவருக்கும் பதினாறு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சிஸ்டர், மூணு ட்ரீட்மென்ட்டும் ஒரே வேகத்துல வேலை செய்யுது. இதை மீட்டிங்ல சொல்லணும். அஞ்சலைக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. அதே மாத்திரையைத் தொடர்ந்து குடுங்க."

கொடுத்தேன். எனக்கும் தலைகால் புரியவில்லை. மாவட்ட மீட்டிங்கில் என் புளியங்கொட்டை பேசப்படப் போகிறது. அந்தச் சந்தோஷத்தில், அஞ்சலையின் முகம் கறுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தும் பார்க்கவில்லை.

3. பஸ் நின்ற நாள்

மூன்றாவது வாரம் புதன்கிழமை டாக்டரம்மா ஜீப்பில் மலைக்கு முகாமுக்குப் போனார். வியாழன் காலை விடிந்தபோது ரோட்டில் மரங்கள் கிடந்தன. கீழே பஸ் இல்லை, மேலே போன ஜீப்பும் இறங்க வழியில்லை. ஆஸ்பத்திரியில் நானும் ஆயா ஒருத்தியும்தான்.

பத்து மணிக்குப் பச்சையம்மாள் வயல் வழியாக நடந்தே வந்து சேர்ந்தாள்.

"சிஸ்டரம்மா, பஸ்ஸே வரல. ஹாரனு கேக்காம அக்கா ஒதுங்கவே இல்ல. வயிறு பானையாட்டம் ஆயிப்போச்சி. ஆனா கீழ மட்டும் தண்ணியா ஊத்திக்கினே இருக்குது. எழுந்திரிக்க மாட்டேங்குது."

அவள் சிரிக்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன். ஆயாவை ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லூஸ் மோஷன் மாத்திரை இன்னும் பத்து எடுத்துக்கொண்டேன். கைக்கு அகப்பட்ட பிரசவப் பையையும் தூக்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு முன் எனிமா கொடுப்பது வழக்கம். அதனால் பையில் எனிமா கேனும் அதன் நீளமான சிவப்பு ரப்பர் குழாயும் இருந்தன. குழாய் உள்ளே அடங்காமல் வெளியே தொங்கிக்கொண்டு வந்தது.

வயல் வரப்பு முடிந்து ரோடு ஏறியதும் முதல் மரம். அதன் மேல் நான்கைந்து இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போறீங்க? பையில இன்னா?"

"எனிமா கேன்" என்றேன்.

"அப்பிடின்னா?"

பச்சையம்மாள் விளக்கினாள். கையசைத்தும் விளக்கினாள். கேட்டவன் மரத்திலிருந்து குதித்து, பையைத் தொடாமல், என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். அடுத்த மரத்திலும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது மரத்துக்குப் போகும்போது சேதி முன்னாலேயே போய்விட்டிருந்தது. குழாயைத் தூரத்தில் பார்த்ததும், "வுடுங்கடா, ஆஸ்பத்திரி அம்மா போவட்டும்" என்று கிளைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் தடையில்லாமல் போய்வந்தது என் எனிமா கேன் ஒன்றுதான். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழி நெடுக அடக்கிக்கொண்டே வந்தாள், இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி.

அஞ்சலை வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. கசிந்துவிடுமே என்று பல நாளாகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நான் மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்து, சொம்பைத் தேடித் திரும்பினேன்.

அந்தப் பக்கம் குப்பு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் புளியங்கொட்டை. மூன்று பவுடர் டப்பாக்களும் திறந்து கிடந்தன. "அக்காவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற குப்பு?"

அவள் நிமிர்ந்தாள். ஒளிக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"நாளைக்கு வெள்ளிக்கெழம இல்ல? பங்கு போடறேன் சிஸ்டரம்மா."

"எதைப் பங்கு போடற?"

பச்சையம்மாள்தான் பதில் சொன்னாள், ஏதோ எனக்குத்தான் விவரம் போதாது என்பது போல.

"ஒருத்திக்கு ஜாஸ்தி, ஒருத்திக்குக் கம்மின்னு கொண்டாந்தா நல்லாவா இருக்கும்? ஒரே வயல்ல நடறோம். கூலியக்கூட அப்பிடிப் பிரிக்க மாட்டோமே. ஒண்ணு ரெண்டு மீந்தா ஓடையில வுட்டுடுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து சிரித்தேன். மீட்டிங், சார்ட், ஒரே வேகத்தில் வேலை செய்யும் மூன்று வைத்தியம், எல்லாமே அந்த முறத்தில் கிடந்தன. பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"இதுல யாருது எத்தினி?"

குப்புவுக்கு ஒன்று. பச்சையம்மாளுக்கு ஐந்து. மீதி முப்பத்தொன்பதும் அஞ்சலையுடையது.

சிரிப்பு அப்படியே நின்றது. போன வாரங்களின் கணக்கையும் கேட்டேன். மற்ற இருவரும் தேறிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அஞ்சலை மட்டும் வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டு போயிருக்கிறாள். அதுவும் என் மாத்திரையைத் தின்று.

"மாத்திரையைக் கீழ போடுங்க அஞ்சலைக்கா" என்றேன்.

4. கை வைத்துப் பார்த்தது

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். வயிற்றில் கை வைத்தேன். இடது பக்கம் அடியில் கயிற்று முடிச்சு போல வரிசையாகக் கட்டிகள். கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்த களிமண் உருண்டை மாதிரி மலம் இறுகிக் கிடந்தது.

விஷயம் இவ்வளவுதான். அவளுக்கு லூஸ் மோஷனே கிடையாது. மலச்சிக்கல். இறுகிப்போன கட்டி வழியை அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. கசிவை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை மேலும் இறுக்கும் மாத்திரையைக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கட்டி முன்பக்கம் மூத்திரப்பையையும் அழுத்தியதால் அந்தக் கசிவும் கூடியிருந்தது.

டாக்டர் மலை மேல். ரோட்டில் மரங்கள். ஆனால் வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, நாடி ஒழுங்காக இருந்தது. வாந்தி வந்தால் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று பச்சையம்மாளிடம் சொல்லி வைத்தேன். அவள் போய் செட்டுப் பெண்கள் எட்டுப் பேரை வாசலில் தயாராக நிறுத்தினாள்.

பக்கத்து வீட்டில் கடலை எண்ணெய் வாங்கி, லேசாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். ஊறக் காத்திருந்தேன். விரலால் கட்டியைச் சிறிது சிறிதாக உடைத்து எடுத்தேன். பிறகு எனிமா. அவசரப்படக் கூடாத வேலை அது. மத்தியானம் முழுக்க எடுத்தது. குப்பு தண்ணீர் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை மட்டும், "உனக்கு இந்தத் தலையெழுத்தா கண்ணு" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

பொழுது சாய்வதற்குள் வயிறு இறங்கிவிட்டது. நான் தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அஞ்சலை எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது கூழ்.

"எத்தினி நாள் கழிச்சிப் பசிக்குது தெரியுமா" என்றாள்.

அவ்வளவுதான், பச்சையம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மரத்துக்கு மரம் எனிமா கேன் பெற்ற மரியாதையை நடித்தே காட்டினாள். குதித்து இறங்கியவன், கிளையை ஒதுக்கியவன், எல்லோரும் வந்தார்கள். வாசலில் நின்ற எட்டுப் பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். கொட்டகையே குலுங்கியது. நடுவில் அவள் திடீரென்று நின்று, குப்பு பக்கம் கை நீட்டினாள்.

"என் டப்பாவுல ஒண்ணு போடுடி. சிரிச்சிட்டேன்."

அன்று நான் சிரித்தது போலப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் சிரித்ததில்லை.

டாக்டரம்மா ஐந்தாம் நாள்தான், ஜீப்பை விட்டுவிட்டு, மலையிலிருந்து நடந்தே இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட்டைச் சுருட்டி வைத்தார். "நான்தான் சிஸ்டர் வயித்துல கை வைக்காம மாத்திரை எழுதினேன்" என்றார். நானும்தான் கை வைக்காமல் கொடுத்தேன் என்றேன். மீட்டிங்குக்கு வேறு ஏதோ சார்ட் எடுத்துக்கொண்டு போனார்.

5. டப்பாவில் இருந்தது

இளம் நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த வைத்தியம் சிறந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சிரித்தால் கசிகிறவளுக்குப் பயிற்சி நல்லது, ஆனால் மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இறங்கியவளுக்கு ரிங் உடனே கைகொடுக்கும், கழுவாமல் விட்டால் புண்ணாகும். பயிற்சியும் ரிங்கும் போதாதவர்களுக்கு ஆபரேஷன் இருக்கிறது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மலம் கசிகிறது என்று யார் வந்தாலும் முதலில் வயிற்றில் கை வையுங்கள், விரல் விட்டுப் பாருங்கள், பிறகு மாத்திரை டப்பாவைத் திறங்கள். எண்ணிக்கை வாங்கினால் அது யாருடையது என்று கேளுங்கள்.

அஞ்சலைக்கு அதன் பிறகு மாத்திரை கிடையாது. காலையில் கூழ் குடித்ததும் வருகிறதோ இல்லையோ போய் உட்கார வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கீரை, கொய்யாப்பழம். செட்டோடு சேர்ந்து 'புடி', 'வுடு'. ஒரு வாரத்தில் மரங்களை எடுத்துவிட்டார்கள். முதல் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது, வயலில் நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு ஒதுங்க ஓடினாளாம். பஸ் வந்த சந்தோஷத்தில் செட்டு முழுவதும் கூடவே ஓடியதாம். நிலக்காரர் என்னிடம் புகார் சொல்ல வரவில்லை. திட்டம் என்று அவரே நினைத்துக்கொண்டிருப்பார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, அஞ்சலை புதுச் சேலை கட்டி, வளையல் பெட்டியும் புளிச்சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கள்ளக்குறிச்சியில் மாறிப் போக வேண்டும். மாற்றுச் சேலையும் மடித்த துணியும் நான் கொடுத்தனுப்பினேன். பஸ் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு இன்ஜெக்ஷனை ஆள் மாற்றிப் போடப் பார்த்தேன், ஆயா தடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாரன் கேட்டது. அஞ்சலை முதலில் இறங்கினாள். பின்னால் கைகொள்ளாத வளையலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் மகள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஓ.பி.க்கு வந்தார்கள்.

"சம்பந்தி வூட்டுல ரெண்டு நாள் இருந்தேன் சிஸ்டரம்மா. பாயில குந்திதான் சோறு துன்னேன். ரெண்டு வாட்டி" என்றாள்.

மகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பவுடர் டப்பாவை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். நான் கவிழ்த்தேன். இரண்டு புளியங்கொட்டை.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். என் சந்தேகம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு" என்றாள். "பங்கு போடல சிஸ்டரம்மா. அத்தினியும் என்னுதுதான்."